சாக்கடைக்கு ஊற்றிய மருந்து

2010 ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே முக்கால். வெயில் ஏறிவிட்டது, கடல் காற்று இன்னும் கிளம்பவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்கு ஒன்பது மணிக்கே கரண்ட் போயிருந்தது. பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டு கசகசத்தது. அந்த நேரத்தில்தான் நான் எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

எனக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கரும்பு எடைமேடையில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்தவன். வண்டி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை என்று எழுதி எழுதி, எதையும் எண்ணாமல் விடமுடியாத புத்தி வந்துவிட்டது. வீட்டில் நான்கு பேர்: நான், மனைவி தனலட்சுமி, மருமகள் சுமதி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி யாழினி. மகன் குமார் மஸ்கட்டில் வேலை செய்கிறான்.

குளியலறையில் நான்கு நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை. குளித்தால் கணுக்கால் வரை நின்றது. நான் கம்பி விட்டுப் பார்த்தேன், வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். அன்று காலை சுமதி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மாமா, ஒரு பிளம்பரக் கூப்புட்டுடலாமே. புள்ள வழுக்கி வுழுந்துடப் போவுது."

"ஞாயித்துக்கெழம எவன் வருவான்? வந்தாலும் எரநூறு முந்நூறுன்னு வாய்க்கு வந்தத கேப்பான்."

"நான் குடுத்துடறேன் மாமா."

இந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குச் சுருக்கென்றது. "என் வூட்டு சாக்கடைக்கு நீ ஏம்மா காசு குடுக்கணும்? அவ்ளோ வக்கத்தா போயிட்டேன்? இந்த வூட்ல எனக்கு இனிமே என்ன மரியாத இருக்கு?" என்று கத்தினேன். கரண்ட் இல்லாததால் தெருவில் எந்த வீட்டிலும் டிவி இல்லை, ஃபேன் சத்தம் இல்லை, எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. நான் கத்தியது இரண்டு பக்கமும் மூன்று மூன்று வீடு வரைக்கும் போயிருக்கும். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் வீட்டில் பிளீச்சிங் பவுடருக்கு 'மருந்து' என்றுதான் பெயர். தனலட்சுமி அப்படித்தான் சொல்வாள். கொசுவுக்கு அடிப்பது மருந்து, எறும்புக்குப் போடுவது மருந்து, சாக்கடைக்குத் தூவுவதும் மருந்து. அந்த மருந்தை அரை வாளித் தண்ணீரில் கரைத்து ஓட்டையில் ஊற்றினேன். சிறிது நேரம் பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை. மூலையில் ஒரு பாட்டிலில் ஆசிட் இருந்தது. சைக்கிளில் "ஆசிட், பினாயில்" என்று கூவிக்கொண்டு வருபவரிடம் வாங்கியது. பழைய சர்பத் பாட்டில், மேலே சர்பத் படம்தான் இருக்கும். ஒன்றால் முடியாததை இரண்டு சேர்ந்து முடிக்கும் என்று கணக்குப் போட்டேன். படித்தவன் போட்ட கணக்கு அது.

ஆசிட்டைச் சாய்த்ததும் சொர்ரென்று நுரைத்தது. அந்த நின்ற தண்ணீரின் மேலிருந்து வெளிறிய பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை எழும்பி முழங்கால் உயரத்துக்கு வந்தது. நான் குனிந்திருந்தேன். ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தேன். மிளகாய்ப் பொடியை நெருப்பாக்கி நெஞ்சுக்குள் தட்டிவிட்ட மாதிரி இருந்தது. கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டன. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் முப்பது வருடமாகக் குளிக்கிறேன்.

கதவை உடைத்தது சுமதி. பிளாஸ்டிக் கதவு. கீழ்ப்பலகையைக் காலால் எத்தி உடைத்து, கையை விட்டு என் காலைப் பிடித்துத் தட்டி, "கீழ வாங்க மாமா, கீழ, தாழ் உங்க வலது பக்கம்" என்று கத்தினாள். தாழ் திறந்ததும் என் அக்குளில் கை கொடுத்துத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழாயடியில் உட்காரவைத்து, சொம்பு சொம்பாகக் கண்ணில் தண்ணீர் ஊற்றினாள். "கண்ண மூடாதீங்க, தொறங்க, எரிஞ்சாலும் தொறங்க" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டுக்கு வந்து எட்டு வருடத்தில் அவள் என்னை அதட்டியது அன்றுதான். அந்தத் தண்ணீர்தான் என் கண்ணைக் காப்பாற்றியது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

ஆட்டோவில் தனலட்சுமி மட்டும் என்னோடு ஏறினாள். பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பணம் எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்று சுமதி சொன்னாள். கிளம்புவதற்கு முன் அவள் இன்னும் ஒரு வேலை செய்தாள். முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, குளியலறை ஜன்னலையும் திறந்து, எட்ட நின்று வாளி வாளியாகத் தண்ணீரை அடித்து அந்த இடத்தைக் கழுவிவிட்டாள். பாட்டிலையும் கழுவிக் கவிழ்த்தாள். குழந்தை இருக்கிற வீடு, அவள் செய்தது சரி. அந்தச் சரியே பிறகு அவளுக்கு எதிராக நின்றது.

கடலூரில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. என்னை ஸ்ட்ரெச்சரில் போட்டதும் ஒருவர் குனிந்து, "பெரியவரே, என்னா ஆச்சு?" என்று கேட்டார். நான் சொல்ல நினைத்தது இது: மருந்து ஊத்திக்கிட்டு இருந்தேன், புகை வந்துடுச்சு. ஆனால் எனக்கு இருந்த மூச்சுக்கு இரண்டரை வார்த்தைதான் வந்தது.

"மருந்து… ஊத்திக்கிட்டு…"

அதோடு மூச்சு நின்றுபோய் இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடிப்பதற்குள் அவர் திரும்பி உள்ளே குரல் கொடுத்தார்: "சிஸ்டர், மருந்து ஊத்திக்கிட்டாராம்!"

தமிழ் தெரிந்த யாரும் இதற்கு வேறு அர்த்தம் எடுக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் கரும்புக்கும் நெல்லுக்கும் பூச்சிமருந்து வாங்கி வைக்காத வீடு குறைவு. 'மருந்து குடிச்சிட்டான்' என்றால் சாகத் துணிந்துவிட்டான் என்று பொருள். 'ஊத்திக்கிட்டு இருந்தேன்' என்று முடிந்திருந்தால் நான் சாக்கடை சுத்தம் செய்த கிழவன். 'ஊத்திக்கிட்டேன்' என்றால் வாயில் ஊற்றிக்கொண்ட கிழவன். நடுவில் இருமல் வந்துவிட்டது.

உடனே மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். நான் கையை ஆட்டினேன். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே இருந்து காலையில் சாப்பிட்ட இட்லிதான் வந்தது. வயிற்றைக் கழுவக் கழுவ மூச்சு இன்னும் மோசமானது. சீட்டில் எம்.எல்.சி. என்று எழுதினார்கள். போலீசுக்குத் தகவல் சொல்லவேண்டிய கேஸ் என்று அதற்கு அர்த்தம்.

மதியத்துக்குள் நெல்லிக்குப்பத்திலிருந்து என் மைத்துனன் கோதண்டம் வந்துவிட்டான். தனலட்சுமியின் தம்பி. சொந்தமாகக் கரும்பு, டிராக்டர், பெரிய குரல். நல்லவன்தான். அட்வான்ஸ் பத்தாயிரத்தை யாரையும் கேட்காமல் கவுண்டரில் கட்டியவன் அவன். கட்டிவிட்டு வந்து, அப்போதுதான் உள்ளே வந்த சுமதியைக் கேட்டான்.

"என்னாம்மா நடந்துது?"

"பாத்ரூம் அடைப்புக்கு பவுடரும் ஆசிட்டும் ஊத்தினாருங்க பெரியப்பா. பொக வந்துடுச்சு."

"பாட்டில எடுத்துக்கிட்டு வந்தியா?"

"கழுவி வெச்சிட்டேங்க. புள்ள தொட்டுடுமேன்னு…"

"கழுவிட்டியா!" என்றான். அந்த ஒரு சொல்லை அவன் சொன்ன விதம் என் காதில் இன்னும் இருக்கிறது. என் கண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டியிருந்தார்கள். காது மட்டும்தான் வேலை செய்தது.

சாயங்காலம் மூச்சு மேலும் குறைந்தது. விரல் நுனியில் துணிக் கிளிப் போல ஒன்றை மாட்டுவார்கள். ரத்தத்தில் பிராணவாயு நூற்றுக்கு எத்தனை என்று அது சொல்லும். நல்ல ஆளுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்கவேண்டும். எனக்கு எண்பத்துநாலு என்று யாரோ சொன்னார்கள். சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்கள்.

ஆம்புலன்ஸ் புதுச்சத்திரம் தாண்டியிருக்கும். தனலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள். "என்னங்க, கோவத்துலதானே இப்பிடிப் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம். பிளம்பரைக் கூப்பிடாமல் நானே இறங்கியது கோபத்தில்தான். நான் தலையை ஆட்டினேன்.

"தெரிஞ்சேதான் பண்ணீங்களா?"

கதவைச் சாத்தியது தெரிந்தேதான். அதற்கும் தலையை ஆட்டினேன். அவள் கையை விட்டுவிட்டுப் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு விம்மினாள். நாற்பத்திரண்டு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள். சாக்கடை அடைப்புக்கு ஏன் இவ்வளவு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். அங்கே நாள் என்று ஒன்று கிடையாது. விளக்கு அணைவதில்லை. கண் கட்டியிருந்த எனக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். முகத்தில் ஆக்சிஜன் மூடி, நான்கு மணிக்கொரு முறை நெபுலைசர். அது மருந்தைப் பனிபோல ஆக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் சிறிய பெட்டி. நல்ல வேளை, இந்த மருந்து நிஜமான மருந்து. அடிக்கடி மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்திலேயே ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். சாதாரண ஊசி மாதிரி இல்லை அது, எலும்பு வரைக்கும் வலிக்கும். மூச்சு உள்ளே போய் ரத்தத்தில் சேருகிறதா என்று பார்க்க அதுதான் வழியாம். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளையாக மேகம் படர்ந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். தொண்டை வீங்கிக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

படுத்துக்கொண்டு எண்ணினேன். என் படுக்கையின் பீப் சத்தத்தை, பக்கத்துப் படுக்கையின் பீப் சத்தத்தை. பக்கத்தில் ஒருவர் விடாமல் முனகிக்கொண்டிருந்தார். ஒரு சமயம் முனகல் நின்றது. சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கோதண்டத்தை உள்ளே விட்டார்கள். என் காதருகில் குனிந்து, அவனுக்குத் தெரிந்த மெல்லிய குரலில் சொன்னான். அந்த மெல்லிய குரல் வராந்தா வரை கேட்கும்.

"மாமா, நீங்க ஒண்ணுத்துக்கும் கவலப்படாதீங்க. அந்தப் பொண்ண அனுப்பியாச்சு. அவுங்க அப்பன் புவனகிரிலேருந்து வந்தான். ரெண்டு வார்த்த கேட்டேன் பாருங்க, மூஞ்சி தொங்கிப் போச்சு. புள்ளையையும் பொண்ணையும் கூட்டிக்கிட்டு போயிட்டான். குமாருகிட்டயும் போன்ல சொல்லிட்டேன். அவனும் கொஞ்ச நாளு அங்கயே இருக்கட்டும்னுட்டான். இனிமே ஒங்கள யாரும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாங்க. நிம்மதியா இருங்க."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இட்லி வரும்வரை வயிற்றைக் கழுவியது, கோதண்டம் பாட்டிலைக் கேட்டது, ஆம்புலன்ஸில் தனலட்சுமி கேட்டது, நான் ஆட்டிய தலை, எல்லாம். மாமனாரை மருந்து குடிக்கவைத்தவள் என்று என் மருமகளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயருக்கு நான் இரண்டு முறை தலையாட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் இப்படியே போய்விட்டால் அவளுக்கு அந்தப் பெயர் ஆயுசுக்கும் நிற்கும். போலீஸ் வேறு. பேத்தி அந்தப் பெயரோடு வளருவாள். சாவு பயம் அதுவரைக்கும் எனக்கு இருந்தது. அதற்குப் பிறகு இந்த பயம் ஒன்றுதான்.

முகமூடியை இழுத்துக் கழற்றினேன். "இல்ல" என்று சொல்லப் பார்த்தேன். காற்றுகூட வரவில்லை. எழுந்து உட்காரப் பார்த்தேன். பீப் பெட்டி அலறியது. நர்ஸ்கள் ஓடிவந்து அழுத்திப் படுக்கவைத்தார்கள். "பேர சொன்னதுமே எப்பிடித் துடிக்கறாரு பாருங்க சிஸ்டர்" என்று கோதண்டம் சொன்னது கேட்டது. ஊசி போட்டார்கள். தூங்கிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் கண்கட்டை அவிழ்த்தார்கள். பஞ்சு மூட்டத்துக்குள் பார்ப்பது போல இருந்தது. எதிரே ஒரு டாக்டரம்மா, ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி. என் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். நாக்கின் அடியில், கன்னத்தின் உள்ளே எல்லாம் பார்த்தார். பிறகு அங்கிருந்த சின்ன டாக்டர்களிடம், "குடிச்சிருந்தா இந்த வாய் வெந்துல்ல இருக்கணும்? பூச்சிமருந்துக்கான அடையாளமும் ரத்தத்துல இல்ல. கண்ணும் நெஞ்சும்தான் போயிருக்கு" என்றார். என் பக்கம் குனிந்தார்.

"ஐயா, மருந்து ஊத்தினீங்க. சரி. எங்க ஊத்தினீங்க?"

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எத்தனையோ பேர் என்னைக் கேட்டார்கள். ஏன், எதற்கு, எவ்வளவு, யார் மேல் கோபம் என்று. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. குரல் வராவிட்டாலும் உதட்டை அசைக்க முடிந்தது.

"சாக்கடையில."

"என்ன மருந்து?"

"பிளீச்சிங்… அப்புறம் ஆசிட்."

டாக்டரம்மா நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கதவு?" என்றார். சாத்தியிருந்தது என்று கையால் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. புகைத் தண்ணீர் இல்லை.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சுக்காற்று கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் கிடக்கும். குனிந்து வேலை செய்கிறவன் மூக்குக்கு நேராக வரும். உள்ளே இருக்கிற ஈரத்தோடு சேர்ந்து மறுபடி அமிலமாகிச் சுடும். கிருமியால் நுரையீரல் கெட்டால் நிமோனியா என்கிறோம். இப்படிப் புகை சுட்டு வீங்கி நீர் கோத்தால் அதற்குக் கெமிக்கல் நிமோனைட்டிஸ் என்று பெயர். முதல் சில மணி நேரம் பரவாயில்லை போலத் தோன்றி, பிறகு மோசமாகவும் செய்யுமாம். "இன்னும் நாலு மூச்சு இழுத்திருந்தீங்கன்னா இங்க வந்திருக்க மாட்டீங்க" என்றார்.

வெளியில் போய் அவரே தனலட்சுமியிடம் சொன்னார். அவள் உள்ளே வந்து என் கால் பக்கம் நின்றாள். பிறகு, "கேட்டதுக்கெல்லாம் மாடு மாதிரி தலைய ஆட்டினீங்களே" என்றாள். சொல்லிவிட்டு என் உள்ளங்காலைத் தன் புடவையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கால் சுத்தமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை கடலூரிலிருந்து ஏட்டு ஒருவர் வாக்குமூலம் வாங்க வந்தார். குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. வாயில் வருகிற தமிழை இனி நம்பக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன்.

"நான் குளியலறை வடிகாலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை ஊற்றினேன். அதன் பின்னர் அமிலத்தை ஊற்றினேன். எதையும் அருந்தவில்லை. என் மருமகள் என்னைக் காப்பாற்றினாள்."

"பெரியவரே, நியூஸ் வாசிக்கற மாதிரி சொல்றீங்களே. பேசற மாதிரி பேசுங்க."

"பேசற மாதிரி பேசித்தாங்க இங்க வந்து கெடக்கறேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தார். 'ஊற்றினேன்' என்பது இரண்டு இடத்திலும் ஒழுங்காக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். காகிதம் சரியாகிவிட்டது. தெருவும் புவனகிரியும் சரியாகவில்லை.

கோதண்டம் வந்து, "நான் என்னாத்த மாமா கண்டேன், எனக்கு மருந்துன்னா வயல்ல அடிக்கறதுதான்" என்று தலையைச் சொறிந்தான். குமாருக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். கேட்காமல் எப்படிடா நம்பினாய் என்றேன். "அம்மாவே சொன்னாங்களேப்பா, நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னு" என்றான். சுமதிக்கு அவன் போன் செய்தானாம். அவள் எடுக்கவில்லையாம். தனலட்சுமி செய்தாள். அதையும் எடுக்கவில்லை.

வார்டுக்கு மாற்றினார்கள். மாடிப்படி ஏறுகிற மாதிரி மூச்சு நாளுக்கு ஒரு படி ஏறியது. பன்னிரண்டாம் நாள், 24ஆம் தேதி, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். தனலட்சுமி கடலூர் பஸ் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். நான் புவனகிரி என்றேன்.

"நாலு அடி நடந்தா இளைக்குது உங்களுக்கு. வூட்டுக்குப் போயி நாலு நாளு படுத்து எழுந்து போவலாம்."

"அந்த வூட்டுக்குள்ள நான் எப்பிடிப் போவறது தனம்?" என்றேன். அவள் போய்ப் பழமும் பூவும் வாங்கி வந்தாள்.

சம்பந்தி புவனகிரியில் மாவு மில் வைத்திருக்கிறார். எங்களைப் பார்த்தும் மெஷினை நிறுத்தவில்லை. ஒரு படி கேழ்வரகை அரைத்து முடித்துவிட்டு, மீசையில் மாவோடு வந்து நின்றார். வாங்க என்று சொல்லவில்லை.

"எம் பொண்ணு ஒருத்தர மருந்து குடிக்க வெக்கறவன்னு பேர் வாங்கிக்கிட்டு வர்றதுக்கா ஒங்க வூட்டுக்குக் கட்டிக் குடுத்தேன்? ஆஸ்பத்திரி வாசல்ல, அத்தினி ஜனம் நடுவுல, ஒங்க மச்சான் என்னா கேட்டான் தெரியுமா? 'என்னாய்யா பொண்ணு வளத்த'ன்னு கேட்டான்."

"தப்புதாங்க" என்றேன். மேலே பேச மூச்சு வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்து யாழினி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். சுமதி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். உட்கார்ந்து மூச்சு வாங்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மாமா. கதவ ஏன் சாத்தினீங்க?"

"நீ பாக்கக் கூடாதுன்னுதாம்மா. நீ பிளம்பருக்குக் காசு குடுக்கறேன்னு சொன்ன இல்ல? நானே சரி பண்ணிட்டு வந்து ஒன் முன்னாடி நிக்கணும்னு நெனச்சேன்."

"பாத்திருந்தா ஒரு ஜன்னலத் தொறந்து வுட்டிருப்பேன்" என்றாள். சிரிப்பு இல்லை, அழுகை இல்லை. "நம்ம தெருவுல பூக்காரம்மாகூட என்ன ஒரு மாதிரியா பாத்தாங்க மாமா. போலீஸ்ல நீங்க எழுதிக் குடுத்தத யார் படிக்கப் போறா? எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதுங்க. ஒங்க பேர் போட்டு எழுதுங்க. இந்த ஊர்ல எத்தினி பேரு பாத்ரூம்ல ரெண்டையும் ஒண்ணா ஊத்தறாங்களோ, அவுங்களுக்கும் ஆவும்."

அதனால்தான் எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கத்து மலருக்கு இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் அடைப்பெடுக்க இறங்கினால் ஒரு பொருளோடு நிறுத்துங்கள். முன்னால் யாராவது எதையாவது ஊற்றியிருந்தால் அதன் மேல் இன்னொன்றை ஊற்றாதீர்கள். வெறும் தண்ணீரும் கம்பியும் கைப்பிடி வைத்த ரப்பர் கப்பும் போதாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள், முந்நூறு கேட்டால் கொடுங்கள். கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெயரில்லாத பாட்டிலை வீட்டுக்குள் வைக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு இறங்குங்கள், அவரோடு சண்டை போட்டிருந்தாலும். நெடி வந்தால் சாமானைப் போட்டுவிட்டு முதலில் வெளியே வாருங்கள், கண்ணில் வெகுநேரம் தண்ணீர் விடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன பொருள், எங்கே ஊற்றியது, எப்படி மூச்சில் போனது என்று சொல்லுங்கள். தயவுசெய்து 'மருந்து' என்று சொல்லாதீர்கள்.

இன்னும் நான் மாடி ஏறினால் நடுவில் ஒரு முறை நிற்கிறேன். குளிர் காற்றுக்கு நெஞ்சு விசில் அடிக்கிறது. உறிஞ்சும் மருந்து, இன்ஹேலர் என்பார்கள், பையில் இருக்கிறது.

அன்று சம்பந்தி கடைசிவரை சரி என்று சொல்லவில்லை. சுமதிதான் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "புள்ளைக்கு ஸ்கூல் போவுதுப்பா" என்று மட்டும் அவரிடம் சொன்னாள். பஸ்ஸில் அவள் எங்களோடு உட்காரவில்லை. இரண்டு சீட் முன்னால், குழந்தையோடு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். கடலூர் வரைக்கும் அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். நெல்லிக்குப்பத்திலிருந்து கோதண்டம் மறுநாள் வந்து அவளிடம் பேசினான். அவள் காபி கொடுத்தாள்.

கணக்கு இது. கடலூர் ஆஸ்பத்திரி, அட்வான்ஸில் திருப்பிக் கொடுத்தது போக, 4,350. ஆம்புலன்ஸ் 1,800. சிதம்பரத்தில் படுக்கை, டெஸ்ட், மருந்து எல்லாம் சேர்த்து 31,640. கூட இருந்தவர்கள் சாப்பாடு, டீ, ஆட்டோ 2,905. அதற்குப் பிறகு வாங்கிய மருந்தும் இன்ஹேலரும் 1,480. சுமதி கூப்பிட்ட பிளம்பர் கால் மணி நேரத்தில் அடைப்பை எடுத்ததற்கு 250, இந்தத் தடவை நான்தான் கொடுத்தேன். பழம், பூ 285. பஸ்ஸில் புவனகிரிக்குப் போகும்போது இரண்டு டிக்கெட், அங்கிருந்து கடலூருக்குத் திரும்பும்போது மூன்றரை டிக்கெட், இரண்டும் சேர்ந்து 57. மொத்தம் நாற்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு ரூபாய்.